காருக்கு இறக்கை மாட்டிய சனிக்கிழமை

நாற்பத்தெட்டு வயதில், குனிந்து ஷூ லேஸ் கட்டினாலே மூச்சு வாங்குகிற உடம்பை வைத்துக்கொண்டு, நான் என் காருக்கு இறக்கை வாங்கினேன். எப்படிச் சுற்றிவளைத்துச் சொன்னாலும் இது புத்திசாலித்தனமாகத் தெரியப்போவதில்லை என்பதால் நேராகவே சொல்லிவிடுகிறேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை. யாரும் வற்புறுத்தவில்லை. வேண்டாம் என்று சொன்னவர்கள்தான் உண்டு. அவர்கள் எல்லோரும் என்னைவிட விவரமானவர்கள். (இந்த விஷயத்தில் என்னைவிட விவரம் குறைந்தவர் யாராவது இருக்கிறாரா என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.)

நான் பல் டாக்டர். அடையாறில் சின்னதாக ஒரு கிளினிக், ராஜா அண்ணாமலைபுரத்தில் நாலாவது மாடியில் வீடு. வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வாய்க்குள்ளேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு ஏழாவது நாள் ஏதாவது ஆகத்தான் செய்யும். சிலர் குடிப்பார்கள். சிலர் உபன்யாசம் கேட்கப் போவார்கள். எனக்கு ரேஸ் பைத்தியம் பிடித்தது. நிஜ ரேஸ் என்று நினைத்து மரியாதை கொடுத்துவிடாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு டிராக் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பணம் கட்டினால் நம்முடைய காரையே அதில் சுற்றிச் சுற்றி ஓட்டலாம். பரிசு கிடையாது. கைதட்ட ஆள் கிடையாது. டயர் தேயும், அவ்வளவுதான்.

இதற்கென்றே ஒரு பழைய ஹேட்ச்பேக் கார் வாங்கினேன். அந்த மாதிரி காரில் டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்காது. கண்ணாடியோடு சேர்ந்து பின்கதவு மொத்தமும் மேலே தூக்கித் திறக்கும். (இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.) எடை குறைய வேண்டுமென்று பின்சீட்டைக் கழற்றி எறிந்தேன். காரிலேயே அதிக எடையுள்ள பொருள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தது. அதைப் பற்றி யோசிக்கவில்லை. கார் கவிழ்ந்தால் தலை தப்ப வேண்டுமே என்று உள்ளே இரும்புக் குழாயில் ஒரு கூண்டு அடித்தேன். குழாய்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பக்கவாட்டுப் பின்கதவுகளை அடைத்துக்கொண்டு போயின.

என் மனைவி வைதேகி வீணை வாசிப்பவள். காரைப் பார்த்துவிட்டு, "ஏன்னா, இது என்ன, கோழி ஏத்திண்டு போற வண்டி மாதிரி இருக்கு?" என்றாள்.

"உனக்காகத்தான் பண்ணேன். இனிமே உன் வீணையை ஹாயா நீட்டி வெச்சுண்டு போலாம் பாரு."

அந்த நிமிடம் வாயில் வந்த பொய். ஆனால் வீணைப் பெட்டி உண்மையிலேயே அந்த இடத்தில் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. பொய் பலித்துவிட்டால் முட்டாளுக்குத் தன்னைப் பற்றி எவ்வளவு பெருமை வரும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

டிராக்கில் என் சாதனை என்னவென்றால், அங்கே என்னைவிட மெதுவாக இருந்த ஒரே வண்டி ஆம்புலன்ஸ். அதுவும் நின்றுகொண்டிருந்தது. புத்தி உள்ளவனாக இருந்தால் ஓட்டக் கற்றுக்கொண்டிருப்பான். நான் இன்டர்நெட்டில் தேடினேன். வளைவில் கார் தடுமாறுகிறதா? பின்பக்கம் லேசாக இருக்கிறது. காற்றே அழுத்திப் பிடிக்கும்படி பின்னால் ஒரு இறக்கை வேண்டும். விமானத்தின் இறக்கை மேலே தூக்கும். இதைக் கவிழ்த்து வைத்ததுபோல் செய்திருப்பதால் கீழே அழுத்தும். படித்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததுதான் ஆபத்து.

டிராக் நண்பர்கள் குழுவில் பிரவீன் என்று ஒரு பையன் உண்டு. பையன் என்றால் முப்பது வயது. என்னை அங்கிள் என்று கூப்பிடுவதால் எனக்கு அவன் பையன். வண்டி விஷயத்தில் கெட்டிக்காரன்.

"அங்கிள், சொன்னா கோச்சுக்காதீங்க. விங் வேலை செய்யணும்னா வண்டி நல்ல ஸ்பீடுல போகணும்."

"போறேனே!"

"நீங்க போற ஸ்பீடுக்கு அதுல காக்கா உக்காந்துட்டு வரலாம் அங்கிள். அதுவுமில்லாம உங்களுது முன்வீல் இழுக்கற வண்டி. பின்னாடி அழுத்தினீங்கன்னா முன்னாடி திரும்பாது. முதல்ல பிரேக் அடிக்கக் கத்துக்கலாம், வாங்க."

பொறாமை என்று முடிவு கட்டினேன்.

அன்று மாலையே விங் தேட ஆரம்பித்தேன். கதவு ஓரத்தில் ஒட்டிக்கொள்கிற சின்ன உதடு மாதிரி ஒன்று இருந்தது. என் காருக்கு அதுவே அதிகம். நடுத்தரமாக ஒன்று இருந்தது. கடைசியில் ஒன்று, பெரிய ரேஸ் கார்களுக்கானது, இரண்டு கால் மேல் நின்று ஊரையே பார்க்கிற உயரம். எதை வாங்கினேன் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? பார்சல் லிஃப்டுக்குள் நுழையவில்லை. நாலு மாடியும் தோளில் சுமந்து வந்து டைனிங் டேபிள் மேல் வைத்தேன். டேபிளைத் தாண்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது.

வைதேகி சாம்பார்க் கரண்டியோடு வந்து பார்த்தாள்.

"இதை மாட்டினா கார் பறக்குமா?"

"இல்லடி. பறக்காம இருக்கறதுக்குத்தான் இது."

"இப்போ பறக்கறதா?"

"இல்லை."

"அப்புறம் எதுக்கு?"

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு காரை அளக்கக் கீழே போனேன்.

விங் மாட்டுகிறவர்கள் ஊரில் இருக்கத்தான் செய்கிறார்கள். விசாரித்தேன். அது டிக்கி நீட்டிய கார்களுக்கான விங், ஹேட்ச்பேக்குக்குக் கால் வேறு மாதிரி செய்ய வேண்டும், அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள். எனக்கோ வருகிற ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் அத்தனை பேர் முன்னாலும் இறக்கையோடு போய் இறங்க வேண்டும். அப்போதுதான் டில்லிபாபு ஞாபகம் வந்தார்.

டில்லிபாபு சிந்தாதிரிப்பேட்டையில் பெயர்ப்பலகை செய்கிறவர். என் கிளினிக் போர்டு அவர் கைவேலை. ஒரு புயலில் எங்கள் தெரு மரங்களெல்லாம் சாய்ந்தபோது அந்த போர்டு இம்மியும் அசையவில்லை. காற்றைத் தாங்குகிற பெரிய பலகையைக் கெட்டியாக மாட்டுவதற்கு இவரைவிட யார் இருக்கிறார்கள்? (என் மூளை இப்படித்தான் வேலை செய்கிறது. இந்தக் கையில்தான் பல பேர் நம்பி வாயைத் திறக்கிறார்கள்.)

இப்போது நடுவில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லும்போதே வெட்கமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு டிராக் என்றால், முதல் நாள் சனிக்கிழமை வைதேகிக்குக் கச்சேரி. மார்கழி சீசன், மயிலாப்பூரில் ஒரு சபா, மாலை நாலு மணி. இந்த நாலு மணியின் அருமை சபாப் பக்கம் போகாதவர்களுக்குத் தெரியாது. பத்தொன்பது வருஷமாக அவளுக்குக் கொடுத்தது மத்தியானம் பன்னிரண்டு மணி. டிக்கெட் கிடையாது. கேன்டீன் இலை போடும் வரை ஏசிக்காக உள்ளே வந்து தூங்குகிறவர்களுக்கு வாசிக்க வேண்டும். அதிலேயே விடாமல் வாசித்து, இந்த வருஷம்தான் நாலு மணிக்கு உயர்த்தியிருந்தார்கள். இதைச் சரியாகச் செய்தால் அடுத்த வருஷமும் உண்டு. சொதப்பினால் மறுபடியும் பன்னிரண்டு மணி, குறட்டை.

அன்று ஒன்றரையிலிருந்து மூன்று வரை எமகண்டம். அவள் புறப்பட வேண்டியது இரண்டரைக்கு. இதற்கு எங்கள் வீடுகளில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நல்ல நேரத்தில் முக்கியமான சாமானை முன்கூட்டியே வீட்டை விட்டு வெளியே வைத்துவிட்டால் ஆளும் புறப்பட்டதாகவே அர்த்தம். பரஸ்தானம் என்று பெயர். அதன்படி பதினொரு மணிக்கு, விளக்கேற்றிக் கும்பிட்டு, வீணைப் பெட்டியை நான் கீழே இறக்கி, என் காரின் பின்கதவைத் திறந்து உள்ளே வைத்தேன். அவள் கூட வந்து ஒரு பழைய போர்வையைப் போர்த்தினாள்.

"நான் ரெண்டரைக்கு ஆட்டோல முன்னாடி போயிடறேன். மைக் பாக்கணும்" என்றாள். (பட்டுப்புடவையோடு என் ரேஸ் சீட்டில் ஏறி இறங்க முடியாது.) "மூணு மணி ஆனதும் நீங்க வீணையை எடுத்துண்டு வந்துடுங்கோ. அதுவரைக்கும் வண்டியை இங்கேருந்து அசைக்கப்படாது. சரியா?"

"சரி."

வாக்குத் தவறவில்லை. வண்டியை ஒரு அங்குலம்கூட அசைக்கவில்லை. டில்லிபாபுதான் எங்கள் பார்க்கிங்குக்கே வந்துவிட்டாரே!

விங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேர் எங்க சார் எழுதணும்?"

"பேர் எல்லாம் இல்ல டில்லிபாபு. இது சும்மா காத்துக்கு."

"காத்துக்கா? காத்துக்கு எவனாவது போர்டு வெப்பானா? சரி உடு. உள்ள இன்னா சார் பெட்டி?"

"வீணை. என் ஒய்ஃபோடது. இன்னிக்குக் கச்சேரி."

"ஐயையே, அப்டியா? பதமா அடிக்கிறேன் சார், ஆடாம."

சொன்னபடியே அவ்வளவு பதமாக வேலை செய்தார். வீணை அதிரக்கூடாதென்று டிரில்லை மெதுவாக விட்டார். பின்கதவின் மேல் விளிம்பில் இரண்டு காலையும் வைத்து ரிவெட் அடித்தார். ஆட்டிப் பார்த்தார். லேசாக ஆடியது.

"கதவு தகடு சார். நிக்காது. ஸ்டே குடுத்துடலாமா?"

ஸ்டே என்றால், பெரிய போர்டு காற்றில் சாயாமல் இருக்க அதிலிருந்து சுவருக்கு முட்டுக் கொடுக்கிற கம்பி. இங்கே சுவர் இல்லை. காரின் கூரை இருந்தது. விங்கிலிருந்து கூரைக்கு நாலு கம்பி.

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? "கொஞ்சம் பசையும் போட்டுடுங்க. நூறுக்கு மேல போற வண்டி" என்றேன். (போனதே இல்லை.) கம்பிகளை என் கையாலேயே பிடித்துக்கொண்டேன். ஒரு முனை பின்கதவின் மேல் நிற்கிற விங்கில். மறுமுனை கூரையில். அதாவது, திறக்க வேண்டிய கதவையும் திறக்காத கூரையையும் நாலு இரும்புக் கம்பியால் சேர்த்துக் கட்டியிருக்கிறோம். உள்ளே வீணை. அதை நான் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், போட்டோ எடுத்து டிராக் குழுவுக்கும் அனுப்பினேன். ரொம்ப நல்ல போட்டோ. பின்னால் இதை எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பினார்கள்.

மூன்று மணிக்குக் கிளம்பினேன். சிக்னலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டோக்காரர் ஒருவர், "இன்னா சார், ஏர்போர்ட்டுக்கு இப்டிக்கா போறீங்க?" என்று கேட்டார். புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டு கையசைத்தேன். மூன்றே காலுக்கு சபா வளாகத்தில், நல்ல வெயிலில் நிறுத்தி, இறங்கி, சாவியைச் சுழற்றிக்கொண்டே பின்னால் போய்க் கதவைத் தூக்கினேன்.

ஒரு விரல் கனத்துக்கு எழுந்தது. நின்றது.

இன்னொரு தரம் தூக்கினேன். விங் "ங்ங்" என்று முனகியது. அந்த நொடியில்தான் நாலு கம்பியும் எங்கிருந்து எங்கே போகின்றன என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. அவை இரண்டரை மணி நேரமாக அங்கேதான் இருந்தன. கண்ணும் கூடவேதான் இருந்தது.

வைதேகி வாசல் படியில் நின்றிருந்தாள். "என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல, கொஞ்சம் டைட்டா இருக்கு."

அவள் வந்து பார்த்தாள். கம்பிகளைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஐந்து வினாடி போதுமாயிருந்தது.

"வீணையை உள்ள வெச்சுட்டு மேல ஆணி அடிச்சேளா?"

"ஆணி இல்ல, ரிவெட்."

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

பக்கத்துக் கதவு வழியாக எடுக்கலாமென்று பார்த்தோம். இரும்புக் கூண்டு தடுத்தது. பெட்டியைத் திறந்து, வீணையை மட்டும் சாய்த்து எடுக்கப் பார்த்தோம். நுனியிலிருக்கிற யாளி முகம் வந்தது, கழுத்து வந்தது, குடம் இரண்டு குழாய்க்கு நடுவில் இடித்தது. இதற்கு மேல் இழுத்தால் உடையும். அவள் இழுப்பதை நிறுத்தினாள். மெதுவாக உள்ளே திருப்பி வைத்தாள். "வெயில்ல நிக்கறது. மெழுகு இளகித்துன்னா மெட்டெல்லாம் நகர்ந்துடும். அப்புறம் எடுத்தும் பிரயோஜனமில்ல" என்றாள். வீணையின் மெட்டுகள் கருப்பு மெழுகில்தான் பதித்திருக்கும். நான் ஓடிப்போய் காரைக் கேன்டீன் நிழலுக்கு நகர்த்தி, போன வாரக் கச்சேரி பேனர் ஒன்றைப் பிடுங்கி வந்து பின்கண்ணாடி மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேனரில் ஒரு பெரிய வித்வான் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தாடைக்குக் கீழே என் முகம்.

டில்லிபாபுவுக்கு போன் போட்டேன். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனுக்கு போர்டு மாட்டிக்கொண்டு ஏணி மேல் இருந்தார்.

"டில்லிபாபு, அதைக் கழட்டணும்!"

"கழட்றதா? கழட்றதுக்கு இன்னாத்துக்கு சார் மாட்டணும்? நான் மாட்னா கழலாது. அத்தானே நீ கேட்ட?"

"உள்ள வீணை!"

"ஐயோ, ஆமால்ல... இதோ வந்துகினே கீறேன் சார்."

சபா செயலாளர் வெளியே வந்தார். எழுபது வயது மாமா, நெற்றியில் சின்ன ஸ்ரீசூர்ணக் கோடு, கையில் கடிகாரம், கண்ணில் கருணை இல்லை.

"டாக்டர், நாலு மணின்னா நாலு மணிக்குத் திரை ஏறும். அஞ்சரைக்கு இறங்கும். நடுவுல வீணை வந்தாலும் சரி, வராட்டாலும் சரி." கூண்டையும் கம்பியையும் ஒரு பார்வை பார்த்தார். "பேசாம வண்டியை ஹாலுக்குள்ள விடுங்கோ. அவ உள்ள உக்காந்துண்டே வாசிக்கட்டும்."

மூன்று ஐம்பத்தைந்துக்கு மொபெட்டில் டில்லிபாபு வந்து சேர்ந்தார். கம்பியை மெஷினில் அறுக்கலாம்தான். ஆனால் பொறி பறக்கும், உள்ளே பெட்டி இருக்கிறது, முடியாது என்றார். ரிவெட் ஒவ்வொன்றாகத் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். கரண்ட்? வளாகத்தில் நீண்ட வயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மைக் செட்காரருடைய பெட்டியிலிருந்து வந்தது.

திரை சரியாக நாலு மணிக்கு ஏறியது. மேடையில் மிருதங்கக்காரரும் கடக்காரரும் ஆளில்லாத ஜமக்காளத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே டில்லிபாபு டிரில்லை அழுத்தினார். உள்ளே ஹாலின் எல்லா ஸ்பீக்கரிலும் "கர்ர்ர்ர்" என்று கேட்டது. நிறுத்தினார், நின்றது. அழுத்தினார், கர்ர்ர்ர்.

செயலாளர் மறுபடியும் வந்தார். "முன்வரிசையில ஒருத்தர், ஸ்ருதி சேக்கறாளான்னு கேக்கறார். என்ன சொல்லட்டும்?"

தலையை மட்டும் ஆட்டினேன். என் வாயில் பேனர் கயிறு இருந்தது.

முப்பத்திரண்டு ரிவெட். எண்ணிக்கொண்டே நின்றேன். நாலு கம்பியிலும் ரிவெட் போன பிறகும் கம்பி அசையவில்லை.

"பசை சார்," என்றார் டில்லிபாபு, வேர்வையைத் துடைத்துக்கொண்டே. "நீதானே போடச் சொன்ன?"

கேன்டீனிலிருந்து வடை மாஸ்டரும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து கடப்பாரையால் நெம்பினோம். "டப்" என்று கூரைப் பெயின்ட் உரிந்து, தகடு நெளிந்து, கதவு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு திறந்தது. வைதேகி யாரையும் தொடவிடவில்லை. தானே வீணையை எடுத்து, மெட்டுகளை ஒரு தரம் விரலால் தடவினாள். ஒன்றும் நகரவில்லை. மணி நாலு இருபத்தைந்து.

"நீங்க உள்ள வராதேங்கோ" என்றாள். "வண்டிகிட்டயே நில்லுங்கோ." போய்விட்டாள்.

நின்றேன். ஹால் சுவரைத் தாண்டித்தான் அவளுடைய முதல் நாலு மணிக் கச்சேரியைக் கேட்டேன். வர்ணத்தை விட்டுவிட்டாள். நடுவில் இரண்டு கீர்த்தனையை விட்டாள். ஆனால் முக்கியமான ராகத்தில் ஒரு நிமிடம்கூடக் குறைக்கவில்லை. வெளியே கேன்டீனில் காபி ஆற்றிக்கொண்டிருந்தவர்கூட ஆற்றுவதை நிறுத்தினார். டில்லிபாபு மொபெட் மேல் உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா இன்னாமா வாசிக்குது சார்" என்றார். கோணிய கதவைத் திரும்பிப் பார்த்து, "இத்தப் போய் உள்ள வெச்சு அட்ச்சிட்டமே" என்றார்.

'மே' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டார். அவர் பெருந்தன்மை.

ஐந்தரைக்குத் திரை இறங்கியது. கைதட்டல் ரொம்ப நேரம் கேட்டது. ஆனால் செயலாளர் தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனதையும் பார்த்தேன். வீணை ஆட்டோவில் வீட்டுக்குப் போனது. நான் கோணல் கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். மறுநாள் டிராக்குக்குப் போகவில்லை, கதவு மூடினால்தானே? போட்டோவோடு சபா வாசல் கதையும் யார் மூலமோ எனக்கு முன்னாலேயே குழுவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பிரவீன் எழுதியிருந்தான்: "அங்கிள், விங் சூப்பரா அழுத்துது போல. கதவையே தூக்க முடியலையாமே."

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடி மூடி திறக்கவில்லையென்றாலும், பீரோ சாவி மாட்டிக்கொண்டாலும், வைதேகி நிதானமாக, "டில்லிபாபுவைக் கூப்பிடுங்கோ" என்பாள். விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் இந்தக் கதை வரும். அது பரவாயில்லை. அடுத்த சீசன் பட்டியல் வந்துவிட்டதா என்று தினமும் விசாரித்துக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு மணியென்று வந்தால் அவள் திட்டமாட்டாள், போய் வாசித்துவிட்டு வருவாள். அதுதான் பயம்.

ஒரு நாள் காலை வீட்டு போன் அடித்தது. எடுத்தேன். செயலாளர் மாமா.

"யாரு, டாக்டரா?"

"ஆமா மாமா, சொல்லுங்கோ. ஸ்லாட் விஷயமா? நாலு மணியா? நான் அவகிட்ட சொல்லிடறேன்."

"நாலு மணிதான். ஆனா நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், போனை அவகிட்ட குடுங்கோ. உங்ககிட்ட ஒண்ணை வெச்சா, அதை வெளியில எடுக்க டிரில் மெஷினோட ஒரு ஆள் வர வேண்டியிருக்கு."